வெளியுறவு அமைச்சரின் பதிலை வாசிப்பது எப்படி?

1721 பிப்ரவரியில் லண்டனில், பிரபுக்கள் சபையில், கௌப்பர் பிரபு எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தென்கடல் கம்பெனி என்ற பெரிய வணிக நிறுவனத்தின் பங்குகள் சரிந்து, ஏராளமானவர்கள் பணத்தைப் பறிகொடுத்திருந்தார்கள். கம்பெனியின் தலைமைக் காசாளர் ராபர்ட் நைட் நாட்டை விட்டே ஓடிவிட்டார். அவர் பிரசல்ஸில் பிடிபட்டதாக ஒரு செய்தி உலவுகிறதே, அது உண்மையா என்பதுதான் கேள்வி. அரசின் சார்பில் சண்டர்லேண்ட் பிரபு பதில் சொன்னார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஒருவரிடம் கேட்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் கேள்வி இதுதான்.

அந்த முதல் கேள்வியே எல்லைக்கு வெளியே நடந்த ஒரு விஷயத்தைப் பற்றியது. உள்ளூரில் ஒரு பாலம் இடிந்தால் உறுப்பினர் தானே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பிரசல்ஸில் ஒருவர் கைதானாரா இல்லையா என்பது லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? தூதர்களை வைத்திருப்பது அரசு. கடிதங்கள் வந்து சேர்வதும் அரசின் கைக்குத்தான். ஆக, வெளிநாட்டு விவகாரத்தில் கேட்பவருக்குத் தெரிந்ததற்கும் பதில் சொல்பவருக்குத் தெரிந்ததற்கும் நடுவே மிகப் பெரிய இடைவெளி இருக்கிறது. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும், செயற்கைக்கோள் படங்களும் நேரலையும் வந்த பிறகும், அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. நாடாளுமன்றக் கேள்வி என்பது அந்த இடைவெளிக்குள் நீட்டப்படும் ஒரு கை.

வெளியுறவு அமைச்சரின் பதில்களைச் செய்தியில் பார்க்கும் பலர், "வழவழ பதில், ஒன்றும் சொல்லவில்லை" என்று கடந்துபோகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்தப் பதில்களில் ஒவ்வொரு சொல்லும் எடைபோட்டு வைக்கப்பட்டது. வாசிக்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும். சொல்லாமல் விட்டதும் ஒரு தகவல்தான்.

யார் யாரிடம் கேட்கிறார்கள்

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். நாடாளுமன்ற ஆட்சிமுறையில் அமைச்சர்கள் அவைக்குப் பொறுப்பானவர்கள். அவையின் நம்பிக்கை இருக்கும் வரைதான் அரசு நீடிக்கும். அதனால் அவை கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் இந்த முறை கிடையாது. அங்கே வெளியுறவு அமைச்சர் காங்கிரஸின் உறுப்பினராக இருக்க முடியாது. அவர் செனட் அல்லது பிரதிநிதிகள் சபைக் குழுக்களின் முன் சாட்சியாக வந்து உட்கார்ந்து, மணிக்கணக்கில் பதில் சொல்வார். நோக்கம் ஏறக்குறைய ஒன்று, ஏற்பாடு வேறு.

நாடாளுமன்ற நாடுகளிலும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு வழக்கம். இந்தியாவில் மக்களவை உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் அதைத் தொடர்ந்து துணைக் கேள்வி எழுப்பலாம். அப்படிப்பட்டவை மக்களவையில் ஒரு நாளைக்கு 20. நட்சத்திரம் இல்லாதவை 230 வரை போகும். அவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில், துணைக் கேள்வி இல்லை. பிரிட்டனில் வெளியுறவு அமைச்சகத்தின் முறை ஏறக்குறைய மாதம் ஒருமுறை வரும். அவசரமாக ஏதாவது நடந்தால், சபாநாயகர் அனுமதித்து அன்றைக்கே அமைச்சரை அவைக்கு வரவழைக்கலாம். கனடாவில் முன்னறிவிப்பே இல்லாமல் கேட்கலாம், ஆனால் கேள்விக்கு 35 விநாடி, பதிலுக்கும் 35 விநாடி. ஜப்பானில் எழுத்துபூர்வக் கேள்வி கிடைத்த ஏழு நாட்களுக்குள் அமைச்சரவை பதில் தர வேண்டும். ஜெர்மனியில் 'சிறு வினா' என்று ஒரு வகை உண்டு, அதற்குக் கெடு 14 நாள்.

அமைச்சர் எந்த அவையின் உறுப்பினர் என்பதும் சில நேரம் சிக்கலாகிவிடும். 2023 நவம்பரில் டேவிட் கேமரூன் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரானபோது அவர் பிரபுக்கள் சபையில் இருந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்கும் காமன்ஸ் சபை அவரிடம் நேரடியாகக் கேட்க முடியவில்லை. உக்ரைன் போரும் காசா போரும் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அங்கே அவருக்குப் பதிலாக அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அமைச்சர்தான் எழுந்து நின்றார். இது சட்டப்படி சரி. ஆனாலும் கேள்வி கேட்கும் உரிமையின் பாதி, பொறுப்பில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு பதில் உருவாகும் விதம்

அமைச்சர் எழுந்து நின்று படிக்கும் நான்கு வரிகளை அவர் தனியாக உட்கார்ந்து எழுதுவதில்லை. கேள்வி அமைச்சகத்துக்கு வந்ததும், எந்த நாட்டைப் பற்றியதோ அந்த நாட்டைக் கவனிக்கும் பிரிவுக்குப் போகிறது. அங்கிருக்கும் அதிகாரி வரைவு எழுதுகிறார். எண்கள் வேண்டுமென்றால் சம்பந்தப்பட்ட தூதரகத்துக்குத் தகவல் அனுப்பிக் கேட்கிறார்கள். ஒப்பந்தம் பற்றியது என்றால் சட்டப் பிரிவு பார்க்கும். ராணுவமோ வர்த்தகமோ கலந்திருந்தால் அந்தந்த அமைச்சகத்தையும் கேட்க வேண்டும். இதே பொருளில் முன்பு என்ன பதில் சொல்லப்பட்டது என்று பழைய பதிவுகளைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். இந்தக் கடைசி வேலை மிக முக்கியமானது. போன முறை சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலும், கொள்கை மாறிவிட்டதா என்று வெளிநாட்டுத் தூதரகங்கள் விசாரிக்கத் தொடங்கிவிடும்.

அப்புறம் துணைக் கேள்விகளுக்கான குறிப்பு. முதன்மைப் பதில் நான்கு வரி என்றால் இந்தக் குறிப்பு பல பக்கம் இருக்கும். உறுப்பினர் என்னென்ன கோணத்தில் மடக்கலாம் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைத் தயாராக எழுதிக் கொடுப்பார்கள். நல்ல துணைக் கேள்வி என்பது அந்தக் கோப்பில் இல்லாத ஒன்று. அது வந்து விழும் தருணத்தில்தான் அமைச்சருக்கு விஷயம் உண்மையிலேயே தெரியுமா என்பது வெளிப்படும்.

கேட்பதற்கும் வரம்பு உண்டு. இந்திய மக்களவை விதிகளின்படி கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஊகம், கேலி எதுவும் கூடாது. கற்பனையான நிலைமையை வைத்துக் கேட்கக் கூடாது. இயல்பிலேயே ரகசியமான விஷயங்களைக் கேட்கக் கூடாது. இவற்றோடு வெளியுறவுக்கென்றே ஒரு விதி இருக்கிறது: நட்பு நாடு ஒன்றை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக் கூடாது. அவையில் பேசுவது அவைக்குள் நிற்பதில்லை, வேறொரு தலைநகரிலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை விதியை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மற்ற அமைச்சர்களுக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் உள்ள பெரிய வேறுபாடே இதுதான். விவசாய அமைச்சர் சொல்லும் பதில் உள்நாட்டுக்கு. வெளியுறவு அமைச்சரின் பதில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் போகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் "நீங்கள் கண்டிக்கிறீர்களா இல்லையா" என்று கேட்கிறார். "கண்டிக்கிறோம்" என்றால் அடுத்த வாரம் நடக்கவிருக்கும் பேச்சுவார்த்தை முறியலாம். "கண்டிக்கவில்லை" என்றால் நடந்ததை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதனால் "ஆழ்ந்த கவலை கொண்டிருக்கிறோம்" என்ற சொல் வருகிறது. கவலை, வருத்தம், கண்டனம், கடும் கண்டனம் என்று படிப்படியாக ஏறும் ஒரு ஏணி இருக்கிறது. போன மாதம் கவலையில் நின்றவர் இந்த மாதம் கண்டனத்துக்கு ஏறியிருந்தால், திரைக்குப் பின்னால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். தனியாக ஒரு பதிலை வாசித்தால் இது தெரியாது. இரண்டு பதில்களை அருகருகே வைத்தால் பளிச்சென்று தெரியும்.

சில கதவுகள் வெளிப்படையாகவே சாத்தப்பட்டிருக்கும். தன் சிறப்புப் படைகளின் செயல்பாடு பற்றி எதுவும் சொல்வதில்லை என்பது பிரிட்டிஷ் அரசின் நெடுநாள் நிலைப்பாடு, யார் கேட்டாலும் அதே வாக்கியம் வரும். ஒரு நாட்டில் நடப்பது இனப்படுகொலையா என்று கேட்டால், அதைத் தீர்மானிக்க வேண்டியது தகுந்த நீதிமன்றம் என்று அந்த அரசு சொல்லும். இப்படிச் சாத்திய கதவின் முன் நின்று தட்டிக்கொண்டிருப்பதில் அதிகப் பயன் கிடையாது. பக்கத்து ஜன்னலைப் பார்க்க வேண்டும். "இனப்படுகொலையா?" என்று கேட்பதை விட, "அந்த நாட்டுக்கு இந்த ஆண்டு எத்தனை ஆயுத ஏற்றுமதி உரிமங்கள் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும்.

ரகசியம் எல்லாமே கெட்டது என்று நான் நினைக்கவில்லை. ஒரு பிணைக்கைதியை மீட்கப் பேச்சு நடக்கும்போது அதை அவையில் விவரித்தால் ஓர் உயிர் போகலாம். பிரச்சினை, காக்க வேண்டிய ரகசியத்தையும் சங்கடமான உண்மையையும் ஒரே போர்வைக்குள் மூடும்போதுதான் வருகிறது.

உண்மையான பதில், ஆனால் கேட்டதற்கு அல்ல

இதைப் புரிந்துகொள்ள 1914 ஜூன் மாதத்துக்குப் போவோம். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே. ரஷ்யாவுடன் பிரிட்டன் ஏதோ கடற்படை உடன்பாடு பேசுகிறது என்று வதந்தி கிளம்பியிருந்தது. ஜூன் 11 அன்று காமன்ஸ் சபையில் கேள்வி வந்தது. ரஷ்யாவுடன் அண்மையில் கடற்படை ஒப்பந்தம் ஏதாவது செய்துகொள்ளப்பட்டதா? அதற்கான பேச்சு நடந்ததா, அல்லது நடக்கவிருக்கிறதா?

கேள்வி தெளிவானது. உண்மை என்ன? அப்படிப்பட்ட பேச்சுக்கு அமைச்சரவை மே மாதமே ஒப்புதல் கொடுத்திருந்தது. கிரே சொன்ன பதில் இந்த வகையில் இருந்தது: ஐரோப்பிய நாடுகளுக்குள் போர் மூண்டால் அதில் கலந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அரசின் சுதந்திரத்தையோ நாடாளுமன்றத்தின் சுதந்திரத்தையோ கட்டுப்படுத்தும் வெளியிடப்படாத ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று பிரதமர் போன ஆண்டு சொன்னார். அது இன்றைக்கும் உண்மை. அதைப் பொய்யாக்கும் பேச்சு எதுவும் முடியவில்லை, நடக்கவும் இல்லை, நான் அறிந்தவரை நடக்கப்போவதும் இல்லை.

மறுபடி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கேட்டது "ரஷ்யாவுடன் கடற்படைப் பேச்சு நடக்கிறதா?" என்று. பதில் வந்தது "நம் கையைக் கட்டும் பேச்சு எதுவும் நடக்கவில்லை" என்று. நடுவில் ஒரு நிபந்தனை நுழைந்துவிட்டது. அவையில் இருந்தவர்களின் காதில் அது "இல்லை" என்றுதான் விழுந்தது. பிற்பாடு, 1925இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில், கிரே இதை நேர்மையாக ஒப்புக்கொண்டார். தான் கொடுத்த பதில் முழுக்க உண்மை, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை என்ற விமர்சனத்தை மறுக்க முடியாது என்று எழுதினார். எந்த அமைச்சரின் பதிலை வாசிக்கும்போதும் என் நினைவுக்கு வருவது இந்த ஒப்புதல்தான்.

இதில் இன்னொரு வேதனை இருக்கிறது. லண்டனில் இருந்த ரஷ்யத் தூதரகத்தின் அதிகாரி ஒருவர் ஜெர்மனிக்கு ஆவணங்களைக் கடத்திக்கொண்டிருந்தார். ஆகவே கடற்படைப் பேச்சு பற்றி பெர்லினுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த ரகசியம் யாரிடமிருந்து காக்கப்பட வேண்டுமோ அவர்களிடமிருந்து காக்கப்படவில்லை. தெரியாமல் இருந்தது சொந்த நாட்டு உறுப்பினர்களுக்குத்தான்.

ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து ஆகஸ்ட் 3 அன்று கிரே அதே அவையில் எழுந்து, போர் அபாயம் வந்தால் இரு நாடுகளும் கலந்து பேசும் என்று பிரெஞ்சுத் தூதருடன் 1912 நவம்பரில் பரிமாறிக்கொண்ட கடிதத்தைப் படித்தார். பிரான்ஸ் தன் கடற்படையை மத்தியதரைக் கடலில் குவித்திருக்கிறது, அதன் வடக்குக் கரை காவலின்றிக் கிடக்கிறது, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டார். அவை சுதந்திரமாக முடிவெடுக்கலாம் என்றுதான் அப்போதும் சொன்னார். மறுநாள் பிரிட்டன் போரில் இறங்கியது. நாடாளுமன்றத்தின் கை எழுத்தளவில் கட்டப்படவில்லை. கடமைப்பட்ட உணர்வு மட்டும் ஆண்டுக்கணக்கில், அவைக்குத் தெரியாமல், வளர்ந்துவிட்டிருந்தது. 1912இலேயே சரியான கேள்விக்குச் சரியான பதில் கிடைத்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். விவாதம் நடந்திருக்கும்.

அப்பட்டமான மறுப்பும் மெல்லிய மறைப்பும்

கிரே செய்தது சுற்றிவளைப்பு. செல்வின் லாயிட் செய்தது வேறு ரகம். 1956 அக்டோபர் 22 அன்று பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரான அவர் பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் ஒரு வீட்டில் பிரெஞ்சு, இஸ்ரேலியத் தலைவர்களை ரகசியமாகச் சந்தித்தார். எகிப்து மீது இஸ்ரேல் தாக்குவது, பிறகு பிரிட்டனும் பிரான்ஸும் சண்டையை விலக்குகிறவர்கள் போல உள்ளே நுழைந்து சூயஸ் கால்வாயைப் பிடிப்பது என்பது திட்டம். 24ஆம் தேதி அது எழுத்தில் கையெழுத்தானது. 29ஆம் தேதி இஸ்ரேல் தாக்கியது. 31ஆம் தேதி லாயிட் காமன்ஸ் சபையில், எங்களுக்குள் முன்கூட்டிய உடன்பாடு எதுவும் இல்லை என்றார். டிசம்பர் 20 அன்று பிரதமர் அந்தோனி ஈடனும் முன்கூட்டியே தெரியாது என்று அவையில் மறுத்தார். பிரிட்டனின் கையில் இருந்த பிரதியை அழித்துவிட ஈடன் ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் இஸ்ரேலின் பிரதி பிழைத்திருந்தது.

இதை நான் சொல்வது ஒரு காரணத்துக்காக. அவையில் பதிவாகும் வாக்கியத்துக்கு நீண்ட ஆயுள் உண்டு. எதிர்க்கட்சி அன்றைக்குத் தோற்றுப்போகலாம். ஆனால் தேதியோடும் பெயரோடும் அச்சிட்ட அந்த மறுப்பு, என்றோ ஒருநாள் வெளிவரும் ஆவணத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். கேள்வி கேட்கப்படாமலே இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது.

ஈராக் ஆயுத விவகாரம் தன்மையில் இவை இரண்டுக்கும் நடுவில் வரும். ஈரானும் ஈராக்கும் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இரு தரப்புக்கும் போரைத் தீவிரமாக்கும் தளவாடங்களை விற்பதில்லை என்ற வழிகாட்டுதலை பிரிட்டன் 1985இல் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. 1988இல் போர் நின்றதும் இளநிலை அமைச்சர்கள் அதை ஈராக்குக்குச் சாதகமாகத் தளர்த்தினார்கள். கேட்ட உறுப்பினர்களுக்கோ கொள்கை மாறவில்லை என்றே பதில் போனது. மாறியது கொள்கை இல்லை, அதைப் பொருத்தும் விதம்தான் என்பது அவர்களின் நியாயம். நீதிபதி ரிச்சர்ட் ஸ்காட் விசாரித்து 1996 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, அந்தப் பதில்கள் உண்மை நிலையை மறைத்தன என்று கண்டது. அதன் விளைவாக 1997 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது: அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தும் அமைச்சர் பதவி விலக முன்வர வேண்டும், தெரியாமல் தவறு நேர்ந்தால் முதல் வாய்ப்பிலேயே திருத்த வேண்டும்.

திருத்துவது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 2008இல் ஓர் உதாரணம் கிடைத்தது. இந்தியப் பெருங்கடலில், அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த டியாகோ கார்சியா தீவில் அமெரிக்கப் படைத்தளம் இருக்கிறது. சந்தேகத்தின் பேரில் பிடித்தவர்களை அமெரிக்கா ரகசியமாக நாடு கடத்தும் விமானங்கள் அங்கே இறங்கினவா என்று உறுப்பினர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இல்லை என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. 2008 பிப்ரவரி 21 அன்று வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் அவையில் எழுந்து, முன்பு சொன்னது தவறு, 2002இல் இரண்டு விமானங்கள் அங்கே எரிபொருள் நிரப்பியிருக்கின்றன என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். அமெரிக்கா கொடுத்த தகவலை நம்பித்தான் முந்தைய பதில்கள் சொல்லப்பட்டிருந்தன. ஒரே கேள்வியைச் சலிக்காமல் கேட்ட உறுப்பினர்களால்தான் திருத்த வேண்டிய ஒரு வாக்கியமே பதிவில் இருந்தது.

ஜப்பானிலும் இப்படி ஒரு கதை. அமெரிக்க அணு ஆயுதக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வருவது தொடர்பாக ரகசிய உடன்பாடு இருக்கிறதா என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசுகள் இல்லை என்றன. ஆட்சி மாறிய பிறகு, வெளியுறவு அமைச்சர் ஒகாடா அமைத்த நிபுணர் குழு 2010 மார்ச்சில் ரகசியப் புரிந்துணர்வு இருந்ததை உறுதிசெய்தது.

இந்தியாவில் அக்சாய் சின் சாலை. இந்தியா தன்னுடையது என்று சொல்லும் அந்தப் பகுதி வழியாகச் சீனா 1957இல் சாலையை முடித்தது. இந்தியா 1958 அக்டோபரில் எதிர்ப்புக் குறிப்பு அனுப்பியது. நாடாளுமன்றத்துக்கு விவரம் தெரிந்தது 1959 ஆகஸ்டில்தான். அப்போது பிரதமர் நேருவே வெளியுறவுப் பொறுப்பையும் வைத்திருந்தார். உறுப்பினர்களின் கேள்விகள் கடுமையாயின. செப்டம்பர் தொடக்கத்தில் சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தையெல்லாம் வெள்ளை அறிக்கையாக அவர் அவையில் வைத்தார். அடுத்தடுத்துப் பல வெள்ளை அறிக்கைகள் வந்தன. அவற்றைப் புரட்டினால், ஒரு எல்லைத் தகராறு குறிப்பு குறிப்பாக எப்படி முற்றியது என்று இன்றும் பார்க்கலாம். இவ்வளவையும் வெளியிட்டதால் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லாமல் போனது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முதலிலேயே சொல்லியிருந்தால் பிறகு எல்லாவற்றையும் கொட்ட வேண்டிய நெருக்கடி வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

39 பேர்

எல்லாப் பதில்களும் கொள்கையைப் பற்றியவை அல்ல. 2014 ஜூனில் ஈராக்கின் மொசூல் நகரில் ஐஎஸ் அமைப்பினர் இந்தியத் தொழிலாளர்களைப் பிடித்துச் சென்றார்கள். 39 பேர் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று தப்பிவந்த ஒருவர் சொன்னார். வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜிடம் அவையில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. ஆதாரம் இல்லாமல் ஒருவரை இறந்துவிட்டார் என்று அறிவிப்பது பாவம், அதை நான் செய்ய மாட்டேன் என்று 2017 ஜூலையில் மக்களவையில் சொன்னார். 2018 மார்ச் 20 அன்று, மரபணுச் சோதனைக்குப் பிறகு, 39 பேரும் இறந்துவிட்டதை மாநிலங்களவையில் அறிவித்தார்.

தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம் என்று குடும்பத்தார் பலர் குமுறினார்கள். அவை நடக்கும்போது முதலில் அவைக்குச் சொல்வதுதான் தன் கடமை என்பது அமைச்சரின் பதில். எனக்கு இந்த இரண்டையுமே தள்ள முடியவில்லை. அவைக்கு முதலில் என்ற மரபு, அமைச்சர்கள் வெளியே பேட்டி கொடுத்துவிட்டு உறுப்பினர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்காக வந்தது. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த மரபு பொருந்துமா? அறிவிப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் எந்த அவையின் உரிமையும் குறைந்திருக்காது.

நீங்களே வாசித்துப் பாருங்கள்

சரி, ஒரு கற்பனைப் பதிலை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் மூன்று பகுதியாகக் கேட்கிறார். (அ) அண்டை நாட்டுச் சிறைகளில் நம் குடிமக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? (ஆ) தண்டனைக் காலம் முடிந்தும் விடுவிக்கப்படாதவர்கள் எத்தனை பேர்? (இ) அவர்களை மீட்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?

பதில் இப்படி வருகிறது: "(அ) முதல் (இ) வரை: அமைச்சகத்திடம் உள்ள தகவலின்படி 112 பேர் சிறையில் உள்ளனர். வெளிநாடுகளில் உள்ள குடிமக்களின் நலனுக்கு அரசு உயர் முன்னுரிமை அளிக்கிறது. இந்த விவகாரம் உரிய மட்டங்களில் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. தூதரக அதிகாரிகள் சிறைகளுக்குச் சென்று வருகின்றனர். விடுதலைக்கான வழிமுறைகள் பரிசீலனையில் உள்ளன."

முதலில் கண்ணில் படவேண்டியது "(அ) முதல் (இ) வரை" என்பது. மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் எது விடுபட்டது என்று சட்டெனத் தெரியாது. எண்ணிப் பாருங்கள். (அ)வுக்கு எண் இருக்கிறது. (ஆ) காணவே இல்லை. தண்டனை முடிந்தும் உள்ளே இருப்பவர்கள் யாரும் இல்லையென்றால் "யாருமில்லை" என்று பெருமையோடு எழுதியிருப்பார்கள்.

அடுத்து "அமைச்சகத்திடம் உள்ள தகவலின்படி". கைதானவர்களின் விவரத்தை அந்த நாடு முழுதாகத் தரவில்லை என்பது இதன் உட்பொருளாக இருக்கலாம். சில நாடுகளில் கைதியே விரும்பினால் ஒழிய அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்ல மாட்டார்கள். ஆகவே 112 என்பது குறைந்தபட்ச எண்.

"உரிய மட்டங்களில்" என்றால் எந்த மட்டம்? அமைச்சர் அமைச்சரிடம் பேசியிருந்தால் அதைச் சொல்லியிருப்பார்கள், அது அவர்களுக்கே நல்ல பெயர். சொல்லாததால் அதிகாரிகள் அளவில் நின்றிருக்கலாம். இது ஊகம்தான், ஆனால் கேட்டு உறுதிசெய்துகொள்ளக்கூடிய ஊகம்.

"பரிசீலனையில் உள்ளன" என்பதை லேசாக விட்டுவிடாதீர்கள். இந்திய நாடாளுமன்றத்தில் அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர் அவையில் இப்படிச் சொன்னால் அதை உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்து, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினாரா என்று அது கேட்கும். எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழியாகும் என்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். வரைவு எழுதும் அதிகாரிகளுக்கு அந்தப் பட்டியல் நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் இந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது என்றால், உறுப்பினருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

எஞ்சியது "அதிகாரிகள் சிறைகளுக்குச் சென்று வருகின்றனர்". எப்போது, எத்தனை முறை என்று இல்லை. வாக்கியம் பொய்யாகாமல் இருக்க, ஓராண்டில் ஒருவர் ஒரே ஒரு சிறைக்கு ஒருமுறை போயிருந்தாலே போதும். 112 குடும்பங்கள் காத்திருக்கின்றன. துணைக் கேள்விக்கு வாய்ப்புக் கிடைக்கும் உறுப்பினர் நீண்ட உரை ஆற்ற வேண்டியதில்லை. எழுந்து இவ்வளவு கேட்டால் போதும்: கடைசியாக நம் தூதரக அதிகாரி அந்தச் சிறைக்குப் போனது எந்தத் தேதியில்?